செய்மதி நேரமும் மின் அளவீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மின்தொழில் பயிலும் இளைஞர்களுக்கு மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். மின்வலையமைப்பின் அளவீடுகளைச் செய்மதி நேரத்தோடு பொருத்தும் பாடம் வரும்போதெல்லாம், ஒவ்வோர் அணியிலும் ஏறத்தாழ அதே ஐயங்கள் எழுகின்றன. கூரையில் சூரியப்படல் பொருத்திய அயலவர்களும், உபமின்நிலையங்களில் வேலை செய்யும் நண்பர்களும் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து வாசித்தால் பிந்திய விடைகள் எளிதாக விளங்கும்.

செய்மதிக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு? செய்மதி வழியாகவா மின்சாரத்தை அளக்கிறார்கள்?

இல்லை. அளப்பது தரையில் உள்ள கருவிதான். செய்மதியிடமிருந்து நாம் பெறுவது நேரம் ஒன்றை மட்டுமே.

நம் வீடுகளுக்கு வரும் ஆடலோட்டம் ஒரு செக்கனுக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. ஓர் அலை முழுமையடைய 20 மில்லி செக்கன் எடுக்கிறது. திருகோணமலையில் ஒருவரும் அனுராதபுரத்தில் ஒருவரும் இந்த அலையை அளந்து ஒப்பிட வேண்டுமானால், இருவரும் ஒரே கணத்தில் அளந்திருக்க வேண்டும். இங்கு அலை உச்சியில் இருந்த கணத்தில் அங்கு அலை எங்கே இருந்தது என்பதே நாம் அறிய விரும்புவது. முழு அலையை 360 பாகையாகக் கொண்டு, அலை நிற்கும் இடத்தைக் கோணமாகச் சொல்வோம். அதற்கு இரண்டு இடத்து மணிக்கூடுகளும் மைக்ரோ செக்கன் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். நாட்டின் எந்த மூலையிலும் ஒரே தரத்தில், கம்பி இழுக்காமல் அத்தகைய நேரத்தைத் தருவது செய்மதி. ஒவ்வொரு ஜீ.பி.எஸ். செய்மதியும் அணு மணிக்கூடுகளைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது.

வோல்ற்றளவு சரியாக இருந்தால் போதாதா சேர்? கோணம் எதற்கு?

ஒரு மின்பாதையின் இரண்டு முனைகளிலும் 132 கிலோவோல்ற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாதையில் வலு பாய்கிறதா, எந்தப் பக்கம் பாய்கிறது, எவ்வளவு பாய்கிறது என்று இந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவராலும் சொல்ல முடியாது. ஒரு முனையின் அலை மறுமுனையின் அலையைவிட எவ்வளவு முந்தி நிற்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. முந்தி நிற்கும் முனையிலிருந்து பிந்தி நிற்கும் முனைக்கு வலு பாயும். பாயும் அளவு, இரண்டு வோல்ற்றளவுகளின் பெருக்கத்தைப் பாதையின் தாக்குதிறனால் (ஆடலோட்டத்தைத் தடுக்கும் தன்மையால்) வகுத்து, கோண வித்தியாசத்தின் சைன் பெறுமானத்தால் பெருக்குவதற்குச் சமம்.

சைன் வளைகோடு 90 பாகையில் உச்சியை எட்டித் திரும்புவதை எல்லாரும் பள்ளிக்கூடத்தில் வரைந்திருக்கிறோம். கோணம் அந்த உச்சியை நோக்கி நகர நகரப் பாதை தாங்கக்கூடிய மிச்சம் குறைந்துகொண்டே போகிறது. இந்த நெருக்கடி வோல்ற்றுமானியில் தெரிவதற்கு வெகு முன்னரே கோணத்தில் தெரிந்துவிடும். வலையமைப்பின் நாடி என்று நான் கோணத்தைச் சொல்வது அதனால்தான்.

கோணம் என்றால் எதிலிருந்து அளக்கிறது? பூச்சியம் பாகை எங்கே இருக்கிறது?

பூச்சியம் பாகை எந்த ஊரிலும் இல்லை. சரியாக 50 ஹேர்ட்ஸில் ஓடுகிற, உலகப் பொது நேரத்தின் ஒவ்வொரு செக்கனும் பிறக்கும் கணத்தில் உச்சியில் நிற்கிற ஒரு கோசைன் அலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லாக் கருவிகளும் தங்கள் அலையை இந்தக் கற்பனை அலையோடுதான் ஒப்பிடுகின்றன. செக்கன் பிறக்கும் கணத்தில் உங்கள் அலை உச்சியில் இருந்தால் கோணம் 0 பாகை. அதே கணத்தில் அலை பூச்சியத்தைக் கடந்து மேலே ஏறிக்கொண்டிருந்தால் கோணம் −90 பாகை.

இப்படி நேர முத்திரையோடு கூடிய வீச்சமும் (அலையின் உயரமும்) கோணமும் சேர்ந்ததைச் சிங்க்ரோஃபேசர் என்கிறார்கள். அதை அளக்கும் பெட்டியைத் தொழிலில் எல்லாரும் பி.எம்.யூ. என்றே அழைக்கிறார்கள்.

எவ்வளவு பிழை வரை பரவாயில்லை?

20 மில்லி செக்கனுக்கு 360 பாகை என்றால் ஒரு மில்லி செக்கனுக்கு 18 பாகை, ஒரு மைக்ரோ செக்கனுக்கு 0.018 பாகை. இந்த மூன்று எண்களையும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் தேவைப்படும்.

ஐ.ஈ.சி., ஐ.ஈ.ஈ.ஈ. ஆகிய இரண்டு மின்பொறியியல் தரநிலை அமைப்புகளும் இணைந்து 2018 இல் வெளியிட்ட 60255-118-1 என்ற தரநிலை, வழமையான நிலையில் வீச்சப் பிழையும் கோணப் பிழையும் சேர்ந்த மொத்தம் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. வீச்சத்தில் பிழையே இல்லை என்று எடுத்துக்கொண்டால் இந்த 1 சதவீதம் 0.57 பாகைக்குச் சமம்; நேரத்தில் சொன்னால் ஏறத்தாழ 31.8 மைக்ரோ செக்கன். அமெரிக்க நூல்களில் 26 மைக்ரோ செக்கன் என்றிருக்கும். அங்கே மீடிறன், அதாவது ஒரு செக்கனில் அலை ஏறி இறங்கும் தடவை, 60 ஹேர்ட்ஸ் என்பதால் வரும் வேறுபாடு அது, குழம்ப வேண்டாம். நல்ல வாங்கி (செய்மதிச் சமிக்ஞையைப் பெறும் கருவி) ஒன்று ஒரு மைக்ரோ செக்கனுக்கும் குறைந்த பிழையோடு நேரம் தரும். மிச்ச இடைவெளி ஏன் வேண்டியிருக்கிறது என்பதைக் கோணப் பிழைகள் பற்றிய கேள்வியில் காணலாம்.

கைத்தொலைபேசியில் இருக்கிற நேரம் போதாதா? அதுவும் சரியாகத்தானே காட்டுகிறது?

மனிதருக்குப் போதும். இணையத்தின் வழியாக நேரம் பெறும் கருவிகள் பொதுவாகச் சில மில்லி செக்கன் முதல் பல பத்து மில்லி செக்கன் வரை பிழைக்கும். மேலே சொன்ன கணக்கில் 5 மில்லி செக்கன் பிழை என்றால் 90 பாகை. வலு எந்தத் திசையில் பாய்கிறது என்பதைக்கூட அந்த அளவீட்டிலிருந்து சொல்ல முடியாது.

கட்டுப்பாட்டு நிலையத்தில் ஸ்காடா ஏற்கெனவே இருக்கிறதே, அது செய்யாததை இது என்ன செய்கிறது?

ஸ்காடா, அதாவது நிலையங்களைத் தொலைவிலிருந்து கண்காணித்துக் கட்டுப்படுத்தும் கணினி அமைப்பு, ஒவ்வோர் உபமின்நிலையத்தையும் சில செக்கன்களுக்கு ஒரு தடவை கேட்டுக் கேட்டு எண்களைச் சேகரிக்கிறது. திரையில் அருகருகே நிற்கும் இரண்டு எண்கள் ஒரே கணத்தில் அளக்கப்பட்டவை அல்ல. கோணத்தை அது நேரடியாக அளப்பதும் இல்லை. மற்ற எண்களிலிருந்து கணித்துத்தான் பெற முடியும். நிதானமாக ஓடும் வலையமைப்புக்கு அது போதுமானது. பி.எம்.யூ. ஒரு செக்கனுக்கு 50 தடவை அனுப்பக்கூடியது. ஒவ்வோர் எண்ணும் தன் கணத்தைத் தானே சுமந்து வருகிறது. வழியில் தாமதமாகி வந்தாலும் அதற்குரிய இடத்தில் அடுக்கிவிடலாம்.

20,000 கிலோமீற்றர் தாண்டி வருகிற நேரம் வந்து சேரும்போதே பழசாகிவிடாதா?

பழசாகிவிடும் என்பது உண்மை. கோணேசர் கோயில் மணி ஒலிக்கும்போது, ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்பவருக்கு அது ஏறத்தாழ மூன்று செக்கன் பிந்திக் கேட்கும். ஆனால் தான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று அவருக்குத் தெரிந்தால் அந்த மூன்று செக்கனையும் கழித்துவிட்டுத் தன் மணிக்கூட்டைச் சரியாக வைக்க முடியும். செய்மதிச் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருவதால், தலைக்கு நேர் மேலே நிற்கும் செய்மதியிடமிருந்துகூட 67 மில்லி செக்கன் ஆகிறது. அந்த நேரத்தில் நம் மின்னலை மூன்று சுற்றுக்கு மேல் ஓடிவிடும்.

எனவே வாங்கி முதலில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. நீளம், அகலம், உயரம், தன் மணிக்கூட்டின் பிழை என்று நான்கு தெரியாக்கணியங்கள் இருப்பதால் நான்கு செய்மதிகள் வேண்டும். உபமின்நிலையத்தின் அன்ரனா அசைவதில்லை. இடம் ஒரு தடவை துல்லியமாகப் பதிவாகிவிட்டால், அதன்பின் நேரத்தைக் காப்பதற்கு ஒரே ஒரு செய்மதி தெரிந்தாலே போதும். வாகனத்தில் வைக்கும் ஜீ.பி.எஸ். கருவிக்கும் நேரம் காக்கும் வாங்கிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

இதை யார் தொடங்கியது? அமெரிக்கர்களா?

அமெரிக்காவில், வேர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில். அருண் பாட்கே, ஜேம்ஸ் தோர்ப் ஆகியோரின் குழு 1988 இல் முதல் பி.எம்.யூ.வை உருவாக்கியது. பாட்கே இந்தியாவில் பிறந்தவர். தூரப் பாதுகாப்பு ரிலேக்களுக்காக (பழுது கண்டதும் பாதையைத் துண்டிக்கும் கருவிகளுக்காக) செய்த கணக்கீட்டு ஆய்விலிருந்துதான் இந்த எண்ணம் கிளைத்தது. முதல் தரநிலை 1995 இல் வந்தது. 2005, 2011, 2018 ஆகிய ஆண்டுகளில் அது திருந்தியது.

கருவி பிறந்து பல ஆண்டுகள் அதற்குப் பெரிய தேவை உணரப்படவில்லை. 2003 ஓகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவின் வடகிழக்கில் ஏறத்தாழ 5 கோடி மக்களின் மின்சாரம் நின்றது. எது முதலில் விழுந்தது, எது அதனால் விழுந்தது என்று வரிசைப்படுத்தப் புகுந்த விசாரணையாளர்கள், வெவ்வேறு நிலையங்களின் பதிவுகள் ஒத்த நேரத்தில் இல்லாததால் பெரும் உழைப்பைச் செலவிட வேண்டியிருந்தது. நேரம் ஒத்திசைந்த பதிவுகள் வேண்டும் என்ற பரிந்துரை அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

அந்தப் பெட்டிக்குள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

வாங்கி ஒவ்வொரு செக்கனும் பிறக்கும் கணத்தில் கூர்மையான ஒரு துடிப்பைத் தருகிறது. உள்ளே இருக்கும் பளிங்கு அலையியற்றி அந்தத் துடிப்பைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டே ஓடுகிறது. அந்த அலையியற்றியின் தாளத்தில் வோல்ற்றளவும் மின்னோட்டமும் மாதிரியெடுக்கப்படுகின்றன. அம்மாதிரிகளிலிருந்து 50 ஹேர்ட்ஸ் கூறு பிரித்தெடுக்கப்பட்டு வீச்சமும் கோணமும் கணிக்கப்படுகின்றன. பின்னர் நேர முத்திரை குத்தப்பட்டு, தரவு ஒருங்கிணைப்பி எனப்படும் கணினிக்கு அனுப்பப்படுகின்றன. அது எல்லா நிலையங்களின் எண்களும் வந்து சேரும்வரை சிறிது காத்திருந்து, ஒரே முத்திரை உடையவற்றை ஒரே வரியில் அடுக்குகிறது.

ஓர் உபமின்நிலையத்தில் ஒரே மணிக்கூட்டிலிருந்து பல கருவிகளுக்கு நேரம் கொடுப்பதற்கு ஐரிக்-பி என்ற முறை நெடுங்காலமாகப் பயன்படுகிறது. ஒரு செக்கனில் நூறு துடிப்புகளாக அது நேரத்தை எழுதி அனுப்பும். புதிய நிலையங்களில் ஈதர்நெட் வழியாகவே துல்லிய நேரம் அனுப்பும் பி.ரி.பி. முறை பரவி வருகிறது.

அன்ரனாவை எங்கே பூட்டுவது? சன்னல் ஓரம் போதுமா?

போதாது. வானம் நாலாபுறமும் திறந்து தெரியும் இடமே வேண்டும். தரையை வந்தடையும் செய்மதிச் சமிக்ஞை மிக நலிந்தது. ஈரமான வேப்பங்கிளையும் தகரக் கூரையும் அதைக் குறைப்பதோடு, சுவரில் பட்டுத் தெறித்து வரும் அலையால் நேரமும் பிறழும். வடத்தின் நீளத்தையும் வாங்கிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வழக்கமான ஓரச்சு வடத்தில் ஒரு மீற்றருக்கு 4 முதல் 5 நனோ செக்கன் தாமதம் உண்டு. 30 மீற்றர் வடத்துக்கு ஏறத்தாழ 150 நனோ செக்கன். சிறிய எண்தான், ஆனாலும் தெரிந்த பிழையைத் திருத்தாமல் விடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

நமது ஊரில் இதைவிடப் பெரிய எதிரி உப்புக்காற்று. துறைமுகப் பக்கம் ஒரு நிலையத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், மணிக்கூட்டின் பச்சை விளக்கு விடியற்காலைகளில் மட்டும் செம்மஞ்சளாக மாறுவதும், வெயில் ஏறியதும் பச்சைக்குத் திரும்புவதுமாக இருந்தது. வாங்கியைத்தான் எல்லாரும் சந்தேகித்தோம். நான்காம் நாள் கூரைக்கு ஏறி அன்ரனாவின் அடியிலிருந்த இணைப்பியைக் கழற்றினேன். நடு முள்ளைச் சுற்றி மயில்துத்தம் போலப் பச்சை பூத்திருந்தது. விரலால் தட்ட ஒரு சொட்டு நீர் விழுந்தது. இரவுப் பனி இறங்கும்போது இணைப்பு மங்கி, வெயிலில் உலர்ந்ததும் சரியாகியிருக்கிறது. புதிய இணைப்பி போட்டு, தன்னில் தானே ஒட்டும் இறப்பர்ப் பட்டியை இழுத்துச் சுற்றி, வடத்தை உள்ளே எடுக்குமுன் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டேன். நீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிப்போகும். இதைச் செய்யாத எந்த அன்ரனாவும் கிழக்குக் கரையில் நிலைக்காது.

மழை பெய்தால் சிக்னல் போய்விடுமா? தொலைக்காட்சி டிஷ் போய்விடுகிறதே?

மழையால் போகாது. தொலைக்காட்சித் தட்டுக்கு வரும் அலைகள் 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவை. மழைத்துளிகள் அவற்றை விழுங்கும். ஜீ.பி.எஸ். பயன்படுத்தும் 1575.42 மெகாஹேர்ட்ஸ் அலை மழையை ஏறத்தாழ இழப்பின்றிக் கடக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு அஞ்ச வேண்டியது வேறு காரணத்துக்காக: கூரையில் நிற்கும் அன்ரனா வழியே மின்னல் எழுச்சி உள்ளே வந்துவிடக்கூடாது. வடம் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே எழுச்சித் தடுப்பியைப் பூட்டிப் புவித்தொடுப்புச் செய்ய வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டிய வானிலை மேகத்துக்கு மேலே இருக்கிறது. புவியின் காந்த மத்திய கோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. கேரளத்தின் தும்பாவை ரொக்கெற் ஏவுதளமாகத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அதுவே. திருகோணமலையும் ஏறக்குறைய அதே அகலக்கோட்டில் இருக்கிறது. இந்தப் பட்டையில் சூரியன் மறைந்த பின், வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்ற படையான அயன்மண்டலத்தில் குமிழிகள் எழுந்து, அவற்றினூடே வரும் செய்மதிச் சமிக்ஞை நட்சத்திரம் மினுங்குவது போல மினுங்கும். சூரியச் செயற்பாடு மிகுந்த ஆண்டுகளில், மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டிய இரவுகளில் இது அதிகம். ஐரோப்பியக் கையேடுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நாம் அப்படிக் கடக்க முடியாது. எல்லாச் செய்மதிகளும் ஒரே நேரத்தில் மினுங்குவது அரிது என்பதாலும், நிலையான அன்ரனாவுக்கு ஒரு செய்மதியே போதும் என்று மேலே கண்டதாலும், நல்ல வாங்கி பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஆயினும் இரவு எட்டு மணி முதல் நள்ளிரவு வரையான பதிவுகளை வாசிப்பவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

செய்மதி முழுக்கவே அறுந்துபோனால் கருவி நின்றுவிடுமா?

நிற்காது, உள்ளே உள்ள அலையியற்றியின் தயவில் ஓடும். எவ்வளவு நேரம் நம்பலாம் என்பது அதன் தரத்தைப் பொறுத்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைக்கும் மலிவான பளிங்கு ஒவ்வொரு செக்கனும் ஒரு மைக்ரோ செக்கன் நழுவும், 31.8 மைக்ரோ செக்கன் எல்லையை அரை நிமிடத்தில் தாண்டிவிடும். வெப்பப் பெட்டிக்குள் வைத்துக் காக்கப்படும் பளிங்கு நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தால் மணிக்கு 3.6 மைக்ரோ செக்கன் நழுவும். எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ருபீடியம் மணிக்கூடு பல நாட்கள் தாங்கும், ஆனால் விலை அதற்கேற்ப இருக்கும்.

அதைவிட முக்கியமானது, நேரம் கெட்டுப்போயிருக்கலாம் என்பதைக் கருவி வெளியே சொல்வது. ஒவ்வொரு தரவுச் சட்டத்திலும் நேரத் தரத்தைக் குறிக்கும் சில பிட்டுகள் உள்ளன. செய்மதி அறுந்ததா, அறுந்து எவ்வளவு நேரம், மதிப்பிட்ட பிழை எவ்வளவு என்று அவை சொல்லும். பெறும் இடத்தில் பலர் இவற்றைப் பார்க்காமலே எண்ணை மட்டும் திரையில் போடுகிறார்கள். என் வகுப்பில் நான் கண்டிப்பாக வற்புறுத்துவது இது: தரப் பிட்டுகளை வாசிக்காத மென்பொருளில் கோணம் காட்டப்படவே கூடாது. தெரியாது என்று சொல்லும் கருவியோடு வேலை செய்யலாம். தவறான கோணத்தை உறுதியோடு காட்டும் கருவி வலையமைப்பை இருளில் தள்ளும்.

இலங்கை நேரத்தை மாற்றினார்களே, அப்போது இதெல்லாம் என்ன ஆகும்?

நம் நாட்டு நேரம் 1996 மே மாதம் உலகப் பொது நேரத்துக்கு ஆறரை மணி முன்னதாகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணி முன்னதாகவும், 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணி முன்னதாகவும் மாறியது. அதனால்தான் அளவீட்டில் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தக்கூடாது. கருவிகள் உலகப் பொது நேரத்திலேயே முத்திரை குத்த வேண்டும். மனிதர் வாசிக்கும் திரையில் மட்டும் ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டலாம்.

அப்போ ஒரு முழுச் செக்கன் பிழைத்தால்? 50 சுற்று முழுசாகப் போய்விடும், கோணம் மாறாதுதானே?

கூர்மையான கேள்வி, வருடந்தோறும் ஒருவராவது கேட்பார். மீடிறன் சரியாக 50 ஹேர்ட்ஸாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மீடிறன் அப்படி நிற்பதில்லை. 49.95 ஹேர்ட்ஸில் ஓடும்போது கற்பனை அலையைவிட நம் அலை ஒவ்வொரு செக்கனும் 18 பாகை பின்தங்குகிறது. ஒரு செக்கன் தள்ளிய முத்திரை அந்த 18 பாகையையும் பிழையாகச் சேர்த்துவிடும். மீடிறன் சரியாக இருக்கும்போது ஒளிந்திருந்து, வலையமைப்பு தடுமாறும்போது மட்டும் வெளிவரும் பிழை என்பதால் இது ஆபத்தானது.

கற்பனையான ஆபத்தும் அல்ல. ஜீ.பி.எஸ். நேரம் 1980 ஜனவரி 6 அன்று தொடங்கியது. புவியின் சுழற்சிக்கு ஒத்துப்போக உலகப் பொது நேரத்தில் இடையிடையே சேர்க்கும் மிகைச் செக்கன்கள் அதில் சேர்க்கப்படுவதில்லை. இப்போது அது உலகப் பொது நேரத்துக்கு 18 செக்கன் முன்னால் ஓடுகிறது. இந்த 18 செக்கனைக் கழிக்க மறந்த ஒரு கருவியால் மேற்படி உதாரணத்தில் 324 பாகை பிழைக்கும். கடைசி மிகைச் செக்கன் நமது நேரப்படி 2017 ஜனவரி 1 அதிகாலை 5:29:59 க்குப் பின் வந்தது. அந்தச் செக்கனின் பெயர் 5:29:60. அதைத் தெரியாத மென்பொருள்கள் அன்று திணறின.

மீடிறன் மாறினால் கோணம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, இது கருவியின் கோளாறா?

கோளாறில்லை. முந்திய விடையில் கண்டபடி மீடிறன் 50 இலிருந்து விலகினால் கோணம் சுற்றத்தான் வேண்டும், 0.1 ஹேர்ட்ஸ் விலகலுக்குச் செக்கனுக்கு 36 பாகை. இணைந்திருக்கும் வலையமைப்பில் எல்லா நிலையங்களும் சேர்ந்தே சுற்றுவதால் வித்தியாசம் நிலையாக நிற்கும். ஒரு நிலையம் மட்டும் தனியே சுற்றத் தொடங்கினால் அது வலையமைப்பிலிருந்து அறுந்து தனித் தீவாக ஓடுகிறது என்று பொருள்.

கோணம் பிழையாகக் காட்டுகிறது, ஆனால் மணிக்கூடு சரி. வேறு எங்கே பார்ப்பது?

எண்ணே வழி காட்டும். 30 பாகைக்கு அருகே வித்தியாசம் நின்றால், இடையில் உள்ள ஸ்ரார்–டெல்ரா நிலைமாற்றியின் கட்டப் பெயர்ச்சி (அது அலையின் கோணத்தை நகர்த்தும் அளவு) கணக்கில் சேர்க்கப்படவில்லை. 120 பாகை என்றால் கட்டங்கள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன. 180 பாகை என்றால், வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் கருவிக்கு ஏற்பக் குறைத்துத் தரும் அளவீட்டு நிலைமாற்றியின் முனைவு தலைகீழ். நிலையாக நில்லாமல், வலு மாற்றத்தோடும் சம்பந்தமில்லாமல், மணிக்கணக்காக ஒரே பக்கமாக மெல்ல ஊர்ந்தால் அப்போதுதான் மணிக்கூட்டைச் சந்தேகியுங்கள். அது செய்மதியை இழந்து ஓடுகிறது.

அரைப் பாகை அளவிலான சிறு பிழைகள் பெரும்பாலும் அளவீட்டு நிலைமாற்றிகளிடமிருந்து வருகின்றன. 0.5 வகுப்பு மின்னோட்ட நிலைமாற்றிக்கு வரையறுத்த மின்னோட்டத்திலேயே 30 கலை, அதாவது அரைப் பாகை, கட்டப் பெயர்ச்சி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நேரத்தில் சொன்னால் அது 28 மைக்ரோ செக்கன். மணிக்கூட்டை ஒரு மைக்ரோ செக்கனுக்குள் வைத்திருக்க வேண்டியதன் காரணம் இப்போது விளங்கும்: எல்லையின் பெரும்பகுதியை நிலைமாற்றி எடுத்துக்கொள்கிறது.

காட்டுக்குள்ளே லைன் விழுந்தால் எந்த இடம் என்று இதால் சொல்ல முடியுமா?

அதற்கு உறவுக்காரக் கருவி ஒன்று இருக்கிறது. பழுது ஏற்படும் இடத்திலிருந்து ஓர் அலை இரண்டு பக்கமும் ஒளி வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் பாயும். இரண்டு முனைகளிலும் அது வந்து சேர்ந்த கணங்களைச் செய்மதி நேரத்தில் குறித்தால், அவற்றின் வித்தியாசத்திலிருந்து தூரத்தைக் கணிக்கலாம். 100 கிலோமீற்றர் நீளப் பாதையில் ஒரு முனைக்கு அலை 200 மைக்ரோ செக்கன் முந்தி வந்தால், பழுது நடுவிலிருந்து 30 கிலோமீற்றர் அந்தப் பக்கமாக, அதாவது அந்த முனையிலிருந்து 20 கிலோமீற்றரில் உள்ளது. நேரத்தில் ஒரு மைக்ரோ செக்கன் பிழை, இடத்தில் 150 மீற்றர் பிழை. யானை நடமாடும் காட்டில் இரவில் கோபுரம் கோபுரமாக நடக்கும் பணியாளருக்கு அந்த 150 மீற்றரின் அருமை தெரியும்.

செய்மதியே பிழையான நேரம் சொன்னால்?

சொல்லியிருக்கிறது. 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய ஜீ.பி.எஸ். செய்மதியைச் சேவையிலிருந்து நீக்கும்போது, உலகப் பொது நேரத்துக்கான திருத்தத்தில் 13.7 மைக்ரோ செக்கன் பிழை புகுந்து பல செய்மதிகள் வழியாக மணிக்கணக்கில் ஒலிபரப்பானது. கோணத்தில் அது 0.25 பாகை மட்டுமே, எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் முந்திய விடையில் சொன்ன பழுது தேடும் கருவியின் ஒரு முனை மட்டும் அந்தப் பிழையை ஏற்றிருந்தால், இடம் இரண்டு கிலோமீற்றர் தள்ளிப்போயிருக்கும்.

வேண்டுமென்றே பொய்ச் சமிக்ஞை அனுப்பி ஏமாற்றவும் முடியும். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் ஒரு பி.எம்.யூ.வின் நேரத்தை இவ்வாறு மெல்ல மெல்ல நகர்த்திக் காட்டினார்கள். ஜீ.பி.எஸ்., கலிலியோ, குளொனாஸ், பெய்டூ எனப் பல செய்மதித் தொகுதிகளை ஒருங்கே கேட்டு ஒப்பிடும் வாங்கியும், திடீர்ப் பாய்ச்சலை ஏற்க மறுக்கும் நல்ல அலையியற்றியும் பாதுகாப்புத் தரும். செய்மதி நேரத்தை மட்டுமே நம்பி மின்தொடுப்பைத் துண்டிக்கும் ரிலேயை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேரம் சந்தேகத்துக்குரியதானதும் வேறு முறைக்கு அது தானாக மாற வேண்டும்.

நம்முடைய சின்னத் தீவுக்கு இதெல்லாம் தேவையா?

சிறியது என்பதாலேயே தேவை. பெரிய கண்டத்து வலையமைப்பில் ஒரு நிலையம் விழுந்தால் அயல்நாடுகள் தாங்கும். நம் வலையமைப்புக்கு அயலோடு தொடுப்பு இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் தொடங்கிய குழப்பம் நாடு முழுவதையும் இருளாக்கியது. விடுமுறை நாளின் குறைந்த தேவையும், நிறைய ஓடிக்கொண்டிருந்த சூரிய மின்சாரமும், சுழலும் பாரிய பிறப்பாக்கிகளின் குறைவும் சேர்ந்திருந்தன. சடத்துவம் குறைந்த வலையமைப்பில் மீடிறன் ஒரு செக்கனுக்குள்ளேயே சரிந்துவிடும். சில செக்கன்களுக்கு ஒரு தடவை பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. கூரைகளிலும் சம்பூர் போன்ற இடங்களிலும் சூரிய மின்சாரம் பெருகப் பெருக, அந்தச் சரிவை நடக்கும்போதே பார்க்கும் கருவிகள் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சேர், இதை நாங்களே சின்ன அளவில் செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம், ஒரு நிபந்தனையோடு: சுவர் மின்சாரத்தை நேரடியாக எந்தக் கருவியிலும் தொடுக்கக்கூடாது. 9 வோல்ற்று ஆடலோட்டம் தரும் சிறிய நிலைமாற்றி ஒன்றின் வெளியீட்டை மட்டும் அலைகாட்டியில் தொடுங்கள். செக்கனுக்கொரு துடிப்புத் தரும் ஜீ.பி.எஸ். தொகுதி ஒன்றை வாங்கி, அதன் துடிப்பால் அலைகாட்டியின் வரைவு தொடங்கும்படி அமையுங்கள். அன்ரனாவை முற்றத்தில் வைத்துச் சில நிமிடம் பொறுங்கள்.

திரையில் அலை ஒவ்வொரு செக்கனும் ஒரு தடவை வரையப்படும், ஆனால் ஒரே இடத்தில் நிற்காது. மீடிறன் 49.98 ஆக இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் அது 0.4 மில்லி செக்கன், அதாவது 7.2 பாகை, வலப்பக்கம் தள்ளி வரையப்படும். 50 ஐத் தாண்டினால் இடப்பக்கம் நகரும். மாலை ஆறரை மணிக்கு ஊரெங்கும் விளக்குகள் ஏறும் வேளையில் போட்டுப் பாருங்கள். அலை வலப்பக்கம் விரைந்து, பின் தயங்கி நின்று, எங்கோ ஒரு நீர்மின் நிலையத்தின் வாயில் திறக்கப்பட்டதும் மெல்ல இடப்பக்கம் திரும்புவதைச் சென்ற தவணை மாணவர்கள் வகுப்பு முடிந்த பிறகும் முக்கால் மணி நேரம் நின்று பார்த்தார்கள்.